யார் வகுப்புப் பிள்ளை?

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அடிக்கடி போய்வருகிறவர்களின் காதில் ஒரு வாசகம் விழுந்திருக்கும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வருவார். அவரைப் பார்த்ததும் வகுப்பாசிரியர் முகத்தில் ஒரு நிம்மதி. "வாங்க டீச்சர், உங்க பிள்ளை வந்திருக்கான்." குத்திக்காட்டும் பேச்சு இல்லை, பிரியமாகத்தான் சொல்வார். அந்தப் பையனின் பெயர் இருப்பது வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேட்டில். தினமும் காலையில் பெயர் கூப்பிடுகிறவர் அவர்தான், சத்துணவுக் கணக்கில் அவனைச் சேர்த்து எழுதுகிறவரும் அவர்தான். ஆனாலும் அவன், எப்போதாவது ஒரு நாள் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவரின் பிள்ளை.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பதிலுள்ள சிக்கல்கள் என்று கேட்டால் சாய்தளம், கழிப்பறை, நிதி, பயிற்சி, உபகரணம் என்று பட்டியல் வரும். எதுவும் பொய்யில்லை. ஆனால் ஐம்பது ஆண்டு முயற்சியைத் திரும்பிப் பார்க்கும்போது, பணம் கொடுத்தும் சட்டம் போட்டும் நகராத ஒரு கல் நடுவில் கிடப்பது தெரிகிறது. இந்தப் பிள்ளை யாருடைய மாணவர் என்ற கேள்விதான் அது. பிள்ளைக்குப் பள்ளி வாசல் திறந்துவிட்டது. பாடவேளை இன்னும் திறக்கவில்லை.

நம் ஊரில் இந்தக் கல்வி தனிப் பள்ளியாகத்தான் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாளையங்கோட்டையில் மிஷனரிப் பெண்கள் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சனின் பெயரில் காது கேளாதோர் பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. படிக்கவே லாயக்கில்லை என்று வீட்டுத் திண்ணையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் சொல்லிக்கொடுத்த இடங்கள் அவை. இன்று "தனிப் பள்ளி என்றால் ஒதுக்கல்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காலத்தில் ஒதுக்கியது வீடும் தெருவும், பள்ளி சேர்த்துக்கொண்டது.

முடிந்தவரை இந்தப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலேயே படிக்கவைக்க வேண்டும் என்று 1964–66 கோத்தாரி கல்விக் குழு எழுதியது. 1974-இல் மத்திய அரசு இதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்தக் கால அணுகுமுறைக்கு 'ஒருங்கிணைப்பு' என்று பெயர்: பிள்ளை பள்ளிக்குத் தக்கபடி தன்னைப் பொருத்திக்கொண்டால் உள்ளே இடமுண்டு. 1994-இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி இதைத் திருப்பிப்போட்டார்கள். பள்ளிதான் பிள்ளைக்குத் தக்கபடி மாற வேண்டும் என்பது அவர்களின் அறிக்கை. இதற்குத்தான் 'உள்ளடக்கிய கல்வி' என்று பெயர். தமிழில் இந்த இரண்டு சொல்லும் குழம்பிக் கிடப்பது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். இப்போதைய சமக்ர சிக்ஷா திட்டத்தையே நாம் 'ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி' என்கிறோம். உள்ளடக்கிய கல்வி அதற்குள் ஒரு பிரிவு. நடைமுறையும் அப்படியே: பெயர் பின்னது, வேலை முன்னது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு என்கிறது அதன் 31-ஆம் பிரிவு. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், கடுமையான அல்லது பல குறைபாடுகள் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றது. இந்த 'லாம்' பின்னால் என்ன ஆயிற்று என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். தமிழ்நாட்டில் 11.79 லட்சம், அதாவது 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. உலக சுகாதார நிறுவனமோ உலக மக்களில் 16 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு குறிப்பிடத்தக்க குறைபாடு இருப்பதாகச் சொல்கிறது. நம் ஊர்க்காரர்கள் அவ்வளவு கொடுத்துவைத்தவர்களா என்ன? கதவைத் தட்டிக் கேட்கும் கேள்வியில்தான் வித்தியாசம். "வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்றால் கால் இழந்த தாத்தாவைச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பேத்தியை யாரும் சொல்வதில்லை. எண்ணிக்கையில் வராத பிள்ளைக்கு நிதியும் வராது. எண்ணப்பட்டவர்களின் நிலையும் தேறவில்லை. அந்தக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டு 2019-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின்படி, குறைபாடுள்ள 5 வயதுப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை.

5 வயது என்பது முக்கியமான வயது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு அதற்குள் ஒரு மொழி கிடைத்திருக்க வேண்டும், பேச்சாகவோ சைகையாகவோ. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு உட்காரவும் கை நீட்டவும் பயிற்சி தொடங்கியிருக்க வேண்டும். மாவட்டந்தோறும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்ற ஏற்பாடு இருக்கிறது. தென்காசி ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்றவை கிராமம் கிராமமாகப் போய்ச் சிறு குழந்தைகளைக் கண்டுபிடித்துப் பயிற்சி தருகின்றன. இவை எட்டாத இடங்களில் பிள்ளை ஆறு வயதில், கையில் ஒரு மொழியும் இல்லாமல் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் அப்போது பள்ளிக்கூடத்தின் வேலை மட்டும் கேட்கப்படுவதில்லை. முந்தைய ஆறு ஆண்டு வேலையும் சேர்த்துக் கேட்கப்படுகிறது.

வகுப்புக்குள் போவோம். 'சிறப்புத் தேவை' என்று ஒற்றைச் சொல்லில் கட்டிவைப்பது நிர்வாக வசதி. உள்ளே இருப்பவை வேறு வேறு உலகங்கள்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் சிக்கலுக்கு, பணம் இருந்தால் தீர்வு உண்டு. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்வு என்பது விதி. பல பள்ளிகளில் சாய்தளம் என்ற பெயரில் இருப்பது சைக்கிள் ஏற்றும் சறுக்கல். கீழிருந்து யாராவது தள்ளினால் ஒழிய ஏற முடியாது, இறங்கினால் நேரே மண்ணில். கணக்குக் கேட்கும் படிவத்தில் "சாய்தளம் உள்ளதா?" என்ற கட்டத்தில் 'ஆம்' விழுந்துவிடும். கழிப்பறையும் இப்படித்தான். கைப்பிடி வைத்து, வாசல் அகலம் வைத்துக் கட்டிய ஒன்றே ஒன்றைப் பூட்டி, சாவியைத் தலைமை ஆசிரியர் மேஜையில் வைத்திருப்பார்கள், பாழாகிவிடும் என்று. ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பெண் பிள்ளை காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு வருவதற்கும் அந்தச் சாவிக்கும் உள்ள தொடர்பு எந்தப் படிவத்திலும் இல்லை.

பார்வையற்ற பிள்ளைக்கு வேண்டியது நேரத்துக்குப் பிரெயில் புத்தகம். ஜூன் மாதத்தில் வகுப்பு தொடங்கிப் பிரெயில் புத்தகம் பருவத்தின் பாதியில் வந்தால் அதற்குள் அந்தப் பாடம் போயிருக்கும். கணினித் திரைவாசிப்பான் இந்தக் காத்திருப்பை ஒழித்துவிடும் என்று நம்பினோம். ஓரளவு ஒழித்தது. ஆனால் பழைய எழுத்துரு முறையில் தட்டச்சான தமிழ் பிடிஎஃப்பைத் திறந்தால் திரைவாசிப்பான் பேய் பிடித்ததுபோல் உளறும். ஒருங்குறி வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் அச்சகங்கள் அந்தப் பழக்கத்தை முழுக்க விடவில்லை. கணிதம் இன்னும் கடினம். கரும்பலகையில் ஆசிரியர் "இதை இதாலே வகுத்தா இது வரும்" என்று சொல்லிக்கொண்டே போனால், பார்வையில்லாத பிள்ளைக்கு மூன்று 'இது' மட்டும்தான் கேட்கும். தொட்டுக் கணக்குப் போடும் டெய்லர் சட்டகமும் மணிச்சட்டமும் வாங்கிக் கொடுப்பது அரசின் வேலை. "237-ஐ 3-ஆல் வகுத்தால் 79" என்று வாய்விட்டுச் சொல்வது வகுப்பாசிரியரின் வேலை. அதற்கு ஒரு பைசா செலவில்லை. முன் வரிசையில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைவு மட்டும் வேண்டும்.

காது கேளாத பிள்ளையின் நிலைதான் எல்லாவற்றிலும் சிக்கலானது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. பெரிய சாதனைதான். ஆனால் அறுவை முடிந்ததும் பிள்ளை பேசிவிடாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கேட்டல் பயிற்சி வேண்டும். கருவியின் வெளிப்பாகம் பழுதானால் மாற்ற வேண்டும், பேட்டரி தீர்ந்தால் வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய் வாரம் இரண்டு நாள் வேலையை விட்டால்தான் பயிற்சி நடக்கும். பிறகு அந்தப் பிள்ளை வந்து உட்காருவது மின்விசிறி கடகடக்கும், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும் அறையில். கருவி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து காதில் கொட்டும்.

கருவி இல்லாத பிள்ளைக்குச் சைகை மொழிதான் தாய்மொழி. 1880-இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை விலக்கிப் பேச்சுப் பயிற்சியை மட்டும் ஏற்றது. அதன் நிழல் நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் விழுந்தது. நம் பள்ளிகளிலும் உதட்டைப் பார் உதட்டைப் பார் என்று மேசையைத் தட்டினார்கள். இந்தியச் சைகை மொழிக்கென ஒரு தேசிய ஆய்வு மையம் டெல்லியில் வந்ததே 2015-இல்தான். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சைகை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையென்றால், அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளை 'உள்ளடக்கப்பட்ட' பிள்ளையா, கூட்டத்தில் தனித்துவிடப்பட்ட பிள்ளையா? காது கேளாதோர் அமைப்புகள் உலகெங்கும் எழுப்பும் கேள்வி இது. சைகை தெரிந்த சக பிள்ளைகளும் ஆசிரியர்களும் உள்ள பள்ளிதான் எங்களுக்கு உள்ளடக்கம் என்கிறார்கள். இதை ஒதுக்கலுக்கு ஆதரவான குரல் என்று தள்ளிவிட முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் உறுப்பே சைகை மொழிக் கற்றலையும் காது கேளாத சமூகத்தின் மொழி அடையாளத்தையும் வளர்க்கச் சொல்கிறது.

வெளியே தெரியாத குறைபாடு வேறு கதை. 'தாரே ஜமீன் பர்' 2007-இல் வந்த பிறகு டிஸ்லெக்ஸியா என்ற சொல் தமிழ் வீடுகளுக்கும் தெரிந்தது. சொல் வந்த வேகத்தில் கண்டறியும் முறை வரவில்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு முறுக்கலானது, அதனால் அங்கே குறைபாடு சீக்கிரம் வெளிப்படும். தமிழின் சிக்கல் வேறு மாதிரி. எழுத்துகள் 247. ககரம் ஒன்றே சொல்லில் இருக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று விதமாக ஒலிக்கும். ஒகரக் குறியில் பாதி எழுத்துக்கு முன்னும் பாதி பின்னும் நிற்கும். சொல்வது ஒரே ஒலி, கண் பார்ப்பது மூன்று துண்டு. ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் ந, ண, ன மயக்கமும் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே உண்டு, ஆசிரியர் சிலருக்கும் உண்டு. இப்படிப்பட்ட மொழியில் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதும் பிள்ளையிடம் இருப்பது ஊர்ப்பேச்சா, கவனமின்மையா, கற்றல் குறைபாடா? ஆங்கில வாசிப்புக்காக உருவான சோதனைத்தாள் இதற்குப் பதில் சொல்லாது. தமிழில் வாசிப்பு எப்படிக் கைகூடுகிறது, எங்கே தடுக்குகிறது என்று நம் மொழியியலாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சமிருக்கிறது.

சான்றிதழ் விதிகள் 2018-இல் வந்தபோது, கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கு 8 வயதோ மூன்றாம் வகுப்போ ஆகியிருக்க வேண்டும் என்றன. மருத்துவக் காரணம் நியாயமானது. அதற்கு முன் பல பிள்ளைகள் இயல்பாகவே தாமதமாக வாசிப்பார்கள். ஆனால் நடைமுறையில் ஆசிரியர்கள் அதை "மூன்றாம் வகுப்பு வரை ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று படித்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் வந்தால் என்ன கிடைக்கும்? பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. தேவையான சலுகைகள்தான். ஆனால் பத்தாம் வகுப்பு மார்ச் மாதத்தில் கிடைக்கும் சலுகை, இரண்டாம் வகுப்பில் கிடைக்காத பாடத்துக்கு ஈடாகுமா? சலுகை பிள்ளையைத் தேர்வு அறையைத் தாண்டவைக்கும். வாசிக்கக் கற்றுத்தராது. சில பள்ளிகள் தேர்ச்சி விகிதம் பற்றிய கவலையில் நவம்பர் மாதத்தில் அவசர அவசரமாகச் சான்றிதழ் வாங்க ஓடுவதைப் பார்க்கும்போது, குறைபாடு பிள்ளையுடையதா, பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலுடையதா என்று சந்தேகம் வரும்.

ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள பிள்ளைகள்தான் பொதுப் பள்ளியின் பொறுமையை உண்மையாகச் சோதிப்பவர்கள். மற்றவர்களுக்கு வழியில்தான் மாற்றம் வேண்டும், பாடம் அதேதான். இவர்களுக்குப் பாடமே மாற வேண்டும். ஐந்தாம் வகுப்பில் மற்றவர்கள் பின்னம் போடும்போது இவன் பத்து ரூபாய்க்குச் சில்லறை எண்ணினால் போதும் என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எடுப்பது யார், எழுதிவைப்பது யார், அடுத்த ஆண்டு வரும் ஆசிரியரிடம் சொல்வது யார்? தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு படிவம் உண்டு. பெரும்பாலும் அது சிறப்புப் பயிற்றுநரின் பையில் வருகிறது, பையிலேயே போகிறது.

அதனால் அந்தப் பைக்காரரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சமக்ர சிக்ஷாவின் சிறப்புப் பயிற்றுநர்கள் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறவர்கள். பதினைந்து, இருபது ஆண்டுகளாக அப்படியே இருப்பவர்களும் உண்டு. ஒருவர் பொறுப்பில் பல பள்ளிகள். பேருந்து ஏறிப் பள்ளி பள்ளியாகப் போக வேண்டும், மருத்துவ முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்க்க வேண்டும், உபகரணப் பட்டியல், போக்குவரத்துப் படி, பாதுகாவலர் படிக்கு வங்கிக் கணக்கு விவரம், இணையதளப் பதிவு, பிறகு வீட்டுப் பிள்ளைகள். இவர் படித்த படிப்பு பெரும்பாலும் ஒரு குறைபாட்டுக்கானது. சிறப்புக் கல்விப் பட்டமே பார்வை, கேட்டல், அறிவுசார் குறைபாடு என்று பிரிந்துதான் வருகிறது. களத்தில் 21 வகையும் இவர் தலையில். சைகை படித்தவரிடம் பிரெயிலையும், பிரெயில் படித்தவரிடம் ஆட்டிசத்தையும் கேட்கிறோம். அப்படியும் பல பிள்ளைகள் முதல் முறையாகப் பென்சில் பிடித்தது இவர்கள் கையைப் பிடித்துத்தான்.

வகுப்பாசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. பி.எட். படிப்பில் உள்ளடக்கிய பள்ளி பற்றி ஒரு தாள் உண்டு. அதைப் படித்துத் தேர்வெழுதியவர் ஒரு ஆட்டிசப் பிள்ளையைக்கூட நேரில் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவருக்கு ஐந்தும். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பதிவு ஒருபுறம், செயலியில் பிள்ளைகளின் குறைபாட்டைக் குறிக்கும் வேலை மறுபுறம். இந்த நெருக்கடியில் ஒரு பிள்ளை திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு அலறினால், பிரியமுள்ள ஆசிரியரும் செய்யக்கூடியது அவனை வெளியே திண்ணையில் உட்காரவைப்பதுதான். "உங்க பிள்ளை" என்பது பாதி கைகழுவல் என்றால், மீதிப் பாதி இயலாமை. நிபுணர் என்று ஒருவரை அரசே அனுப்பிவைக்கும்போது, "எனக்குத் தெரியாத வேலை இது" என்று நினைப்பது இயல்பு. நிபுணரின் வருகையே பொறுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

தனியார் பள்ளிகளில் இதே கதை கட்டணத்தோடு நடக்கிறது. சேர்க்கை மறுப்பது சட்ட மீறல் என்று தெரியும், அதனால் யாரும் மறுப்பதில்லை. "எங்ககிட்ட அதுக்கு வசதி இல்லை மேடம், பிள்ளைக்குத்தான் கஷ்டம்" என்பார்கள். மீறிச் சேர்த்தால், நிழல் ஆசிரியர் ஒருவரைப் பெற்றோர் தங்கள் செலவில் அமர்த்த வேண்டும். பிள்ளை மீண்டும் வேறொருவருடைய பிள்ளை ஆகிவிடுகிறது, இம்முறை சம்பளம் கொடுத்து. அந்தச் செலவு முடியாத வீட்டில் தாய் வேலையை விட்டுவிட்டு வகுப்பு வாசலில் காத்திருக்கிறார். தந்தை காத்திருந்து பார்த்ததாக அபூர்வமாகத்தான் கேள்விப்படுகிறோம்.

இவ்வளவும் கேட்டபின், பேசாமல் நல்ல சிறப்புப் பள்ளிகளையே பெருக்கினால் என்ன என்று ஒரு குரல் எழும். அதைப் பிற்போக்கு என்று ஒதுக்க முடியாதபடி ஒரு வரலாறு இருக்கிறது. 'சிறப்புக் கல்வித் தேவை' என்ற சொல்லையே நிலைநாட்டியது மேரி வார்னாக் தலைமையில் பிரிட்டனில் வெளிவந்த 1978 அறிக்கை. பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்குக் கொண்டுவரும் இயக்கத்துக்கு அது அடித்தளம். 27 ஆண்டுகள் கழித்து, 2005-இல், அதே வார்னாக் ஒரு சிறு நூல் எழுதி, ஒரே கூரையின் கீழ் எல்லோரும் என்ற கொள்கையை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். பெரிய பள்ளியில் சில பிள்ளைகள் உடலால் உள்ளே இருந்துகொண்டே மனத்தால் வெளியே கிடக்கிறார்கள், கேலிக்கும் ஆளாகிறார்கள் என்பது அவர் கவலை. எதிர்த்தவர்கள் கேட்டது இது: பள்ளி மாறாமல் இருந்த குற்றத்துக்குப் பிள்ளையை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்?

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் நாட்டுக் கணக்கு வேறு. சிறப்புப் பள்ளிகள் மாவட்டத் தலைநகர்களிலும் பெருநகரங்களிலும் இருக்கின்றன, பல விடுதியோடு. அரூர் மலையோர ஊரிலோ வேதாரண்யம் கடற்கரையிலோ உள்ள பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி என்பது ஆறு வயதில் அம்மாவைப் பிரிவது. நடந்துபோகும் தூரத்தில் இருப்பது ஊராட்சி ஒன்றியப் பள்ளி மட்டும்தான். சைகை மொழி வேண்டிய பிள்ளைக்கு நான் விலக்கு அளிப்பேன். மற்ற பெரும்பாலோருக்கு, கொள்கை விவாதம் முடியும் முன்பே பூகோளம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் போன்ற அமைப்புகள் தங்கள் மையத்தில் தயாரான பிள்ளைகளைப் பக்கத்துப் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பின்னின்று துணைசெய்யும் வழியைக் காட்டின. சிறப்புப் பள்ளி இறுதி நிறுத்தமாக இல்லாமல் நடுவழிச் சந்திப்பாக இருக்க முடியும்.

இப்போது அந்த 'லாம்'. வீட்டிலிருந்தே கல்வி என்ற ஏற்பாடு படுக்கையைவிட்டு எழ முடியாத பிள்ளைக்காக வந்தது. ('இல்லம் தேடிக் கல்வி' என்று 2021-இல் வந்தது வேறு; பெயர் ஒத்துப்போவதால் பெற்றோர் குழம்புகிறார்கள்.) பள்ளி நினைத்தால், சமாளிக்க முடியாத பிள்ளையை நோகாமல் வெளியே வைக்கவும் இதே வழி. பதிவேட்டில் பெயர் இருக்கும், வருகை இருக்கும், பாடநூலும் சீருடையும் வீட்டுக்குப் போகும். பிள்ளை மட்டும் பள்ளியில் இராது. வீட்டுக்கு ஒருவர் வந்துபோவது தாய்க்கு ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சக்கர நாற்காலியும் ஓர் ஆட்டோ வாடகையும் இருந்தால் பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளை எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று ஒன்றியவாரியாக மறு ஆய்வு செய்ய வேண்டும். வாரம் இரண்டு நாள் வந்தால்கூட, சத்துணவு வரிசையில் நிற்கும்போது பக்கத்துப் பிள்ளை தட்டைப் பிடித்துக்கொள்வது எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காதது. மற்ற பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் படும் பயம்தான் அதிகம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். அவன் தொட்டால் அலறுவான், ஆனால் ரயில் பெயரெல்லாம் சொல்வான் என்று அவர்களே வந்தவரிடம் விளக்குவார்கள்.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், பொதுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று விகிதம் வகுக்கப்பட்டது. மாநிலங்கள் அசையாததைப் பார்த்து 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவு: பணியிடங்களை அறிவியுங்கள், ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் உழைப்பவர்களின் தகுதியைப் பார்த்து முறைப்படுத்தக் குழு அமையுங்கள். அந்தப் பயிற்றுநர்கள் இருபதாண்டு காத்திருந்ததற்கு இது கிடைத்தே ஆக வேண்டும்.

ஆனால் பணியிடம் வந்தால் "உங்க பிள்ளை" என்ற அந்த வாசகம் மாறுமா? இத்தாலியைப் பார்க்கலாம். 1977-இல் சட்டம் இயற்றி, தனி வகுப்புகளை மூடி, ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளிக்குக் கொண்டுவந்த நாடு அது. அங்கே துணை ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறார். அவர் குறிப்பிட்ட பிள்ளைக்கானவர் இல்லை, முழு வகுப்புக்கும் கூட்டுப் பொறுப்பாளர் என்று சட்டமே சொல்கிறது. அப்படியிருந்தும், வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையைத் துணை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் பாடத்தை நடத்துகிறார், இருவரும் கடைசி மேசையிலோ வராந்தாவிலோ இருக்கிறார்கள் என்ற புகார் இன்றும் ஓயவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அனுபவமும் பணமும் உள்ள இடத்திலேயே அந்தக் கல் முழுதாக நகரவில்லை.

நம் மாநிலத்தில் சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கான அரசாணை வரும்போது ஊதிய விகிதம், இனச்சுழற்சி, பணிமூப்பு பற்றி நிறையப் பேச்சு இருக்கும். அதில் 'பணிகளும் கடமைகளும்' என்ற பகுதியைத்தான் நான் முதலில் புரட்டுவேன். சிறப்பாசிரியர் வகுப்புக்குள் நின்று வகுப்பாசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்த வேண்டுமா, பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிப் போக வேண்டுமா? தனிநபர் கல்வித் திட்டத்தில் முதல் கையெழுத்து யாருடையது? வாரத்தில் ஒரு பாடவேளை இருவரும் உட்கார்ந்து திட்டமிட நேர அட்டவணையில் இடம் உண்டா? முன்னேற்ற அறிக்கையில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே நான்கு வரி எழுதப்போவது யார்? வகுப்பாசிரியரின் பெயரும் அதே பத்தியில் வர வேண்டும்.